ரெஸ்யூமேயில் எழுதப்படாத வேலை: தமிழகப் பொறியியல் மாணவர்களின் வேலைத் தயாரிப்பு பற்றி

கேள்வி

தமிழகத்தின் தனியார் பொறியியல் கல்லூரி ஒன்றில் இறுதியாண்டு மாணவர்களின் ரெஸ்யூமேக்களை வாங்கி மேசைமேல் பரப்பிப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அவற்றின் ஒற்றுமைதான். பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்துவிட்டால் எது யாருடையது என்று எழுதியவரே தடுமாறுவார். குறிக்கோள் என்று தொடங்கும் வாக்கியம் எல்லாவற்றிலும் ஒன்றுதான். பலம் என்ற தலைப்பின்கீழ் வரும் தன்னம்பிக்கை, கடின உழைப்பு, விரைவாகக் கற்கும் திறன் ஆகிய மூன்றும் வரிசைகூட மாறாமல் வருகின்றன. மதுரையில் மெக்கானிக்கல் படித்தவர், சேலத்தில் கணினி அறிவியல் படித்தவர், நாகர்கோவிலில் சிவில் படித்தவர் என மூவரின் பக்கங்களையும் சேர்த்து வைத்தால், நான்காண்டுகளில் மூவருக்கும் ஒரே விஷயம்தான் நடந்திருக்கிறது என்று நினைக்கத் தோன்றும்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் என்ன? இதற்கு வழக்கமாகக் கிடைக்கும் பதில் மொழியைச் சுற்றியே அமைகிறது: பையன்களுக்கு ஆங்கிலம் வராது, தன்னைப் பற்றிச் சொல்லத் தெரியாது, ஆறாம் பருவத்தில் பத்து நாள் பயிற்சி கொடுத்தால் சரியாகிவிடும். இந்தப் பதில் போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். எழுதத் தக்க அனுபவத்தின் ஒரு பகுதியைக் கல்லூரி தரத் தவறுகிறது. இன்னொரு பகுதியை மாணவர் கல்லூரிக்கு வெளியே பெற்றிருக்கிறார். அதை மறைக்கும்படி நாம் எல்லோரும் சேர்ந்து அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம்.

இதைப் பேச வேண்டிய அவசியம் பண்பாட்டுக் கவலையால் மட்டும் எழவில்லை. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சிக் காலத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு வாசல் திறந்தது. இன்று மாநிலத்தில் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. நுழைவுத் தேர்வு 2006இல் சட்டத்தால் நீக்கப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை 2010-11இல் வந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021இல் பொறியியலுக்கும் விரிந்தது. இந்தப் படிகளின் வழியே கல்லூரிக்குள் வந்த ஒரு பெருங்கூட்டத்துக்கு, வீட்டில் ரெஸ்யூமே எழுதிய அண்ணனோ மாமாவோ கிடையாது. சேர்க்கைக்கான கதவை இந்த மாநிலம் அகலத் திறந்திருக்கிறது, அதில் நமக்குப் பெருமை உண்டு. வெளியேறும் கதவைப் பற்றி அதே அளவு யோசித்தோமா என்பதுதான் கேள்வி.

ஒரு பக்கம், வரி வரியாக

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படித்துப் பார்க்கலாம். மேலே வலது மூலையில் நீல நிறப் பின்னணியில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம். அடுத்து ஆங்கிலத்தில் குறிக்கோள்: புகழ்பெற்ற நிறுவனத்தில், சவாலான சூழலில் பணியாற்றி, என் திறமைகளை முழுமையாகப் பயன்படுத்தி, நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் என் வளர்ச்சிக்கும் துணைநிற்பது. பிறகு கட்டம் போட்ட அட்டவணை. பட்டம், பன்னிரண்டாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் விழுக்காடு. தெரிந்த மென்பொருள்கள் என்று சி, ஜாவா, ஆட்டோகேட், எம்.எஸ். ஆபீஸ். இன்பிளான்ட் டிரெயினிங் என்று ஒரு வரி. பெரும்பாலும் சில நாள் தொழிற்சாலைக்குள் போய் வந்ததற்கான சான்றிதழ். ஒரு வரியில் புராஜெக்ட் தலைப்பு. கீழே சொந்த விவரங்கள்: தந்தை பெயர், தந்தையின் தொழில், பிறந்த தேதி, மதம், தேசியம், திருமண நிலை, தெரிந்த மொழிகள். கடைசியாக, மேற்கண்ட தகவல்கள் யாவும் நான் அறிந்தவரை உண்மை என்ற உறுதிமொழி. இடம், நாள், கையொப்பம்.

இந்தப் பக்கத்துக்கு இரண்டு பூர்வீகங்கள் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. மேல்பாதி, தாராளமயத்துக்குப் பின் வந்த நிறுவனங்களின் பேச்சு. கீழ்ப்பாதி, அரசு வேலை விண்ணப்பப் படிவத்தின் மிச்சம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருந்த தலைமுறையின் படிவத்தில் தந்தை பெயருக்கும் உறுதிமொழிக்கும் சட்டத் தேவை இருந்தது. நிறுவனம் மாறியது, படிவம் போகவில்லை. இந்த இரண்டு பாதிகளுக்கும் நடுவே, தான் என்ன செய்தேன் என்று மாணவர் சொல்ல வேண்டிய இடம் இரண்டே வரியாகச் சுருங்கிக் கிடக்கிறது.

இதை மாணவரின் சோம்பல் என்று ஒதுக்குவது எளிது. ஆனால் இந்தப் படிவத்தை அவருக்குக் கொடுப்பது யார்? பல கல்லூரிகளில் பிளேஸ்மென்ட் அலுவலகமே ஒரு மாதிரிக் கோப்பை அனுப்பி, இதே வடிவில் நிரப்பித் தர வேண்டும் என்கிறது. மூத்த மாணவரின் கோப்பில் பெயரை மாற்றி அனுப்புவது அதற்கு அடுத்த வழக்கம். நான் பார்த்த பக்கங்களில், மூத்தவரின் ஊர்ப்பெயர் உறுதிமொழிக்குக் கீழே மாறாமல் நின்றதும் உண்டு. விதிக்கப்பட்ட வடிவத்தை நிரப்பியவரை, சொந்தக் குரல் இல்லாதவர் என்று குறை சொல்வதில் நியாயமில்லை.

'வேலைக்குத் தகுதியற்றவர்' என்ற விளக்கம்

மொழியையும் திறனையும் காரணமாகச் சொல்லும் வாதத்துக்குப் பின்னால் எண்கள் இருக்கின்றன. 2005இல் மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான நாஸ்காமும் ஆலோசனை நிறுவனமான மெக்கின்சியும் வெளியிட்ட அறிக்கை, இந்தியப் பொறியியல் பட்டதாரிகளில் 25 விழுக்காட்டினரே பன்னாட்டு நிறுவனங்களின் வேலைக்கு உகந்தவர்கள் என்றது. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் நிறுவனம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, 80 விழுக்காட்டுக்கும் மேலான பொறியாளர்கள் அறிவுசார் துறை வேலைகளுக்குத் தகுதியற்றவர்கள் என்றது. பட்டமளிப்பு விழா மேடைகளிலும் பயிற்சி நிறுவன விளம்பரங்களிலும் இந்த எண்கள் ஆண்டுதோறும் திரும்ப வருகின்றன.

இவற்றை எடுத்த எடுப்பில் தள்ளிவிட முடியாது. நேர்காணல் அறையில் உட்கார்ந்த எவருக்கும் தெரியும்: எட்டு வரி நிரல் எழுதச் சொன்னால் எழுத முடியாத கணினிப் பட்டதாரிகள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டாக வேண்டும். முதலாவது, அளந்தவர் யார்? 2005 அறிக்கை பன்னாட்டு நிறுவனங்களின் தேவையிலிருந்து பார்த்தது. ஆஸ்பைரிங் மைண்ட்ஸ் வேலைத் தகுதித் தேர்வை விற்ற நிறுவனம், தன் தேர்வை எழுதியவர்களின் மதிப்பெண்ணைக் கொண்டு அளந்தது. அளவுகோலை வைத்திருப்பவருக்கு அளவுகோல் விற்பனையிலும் அக்கறை உண்டு என்பதை மறந்து அந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி கனமானது. தகுதியின்மை யாருடைய பெயரில் எழுதப்படுகிறது? 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு முறைகேட்டை வெளிக்கொண்டுவந்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்பு அங்கீகாரம் பெறுவதற்காக, ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரம் பணியாற்றுவதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. முந்நூறுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள், இருநூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகளின் பட்டியல்கள். ஏட்டில் மட்டும் இருந்த ஆசிரியரிடம் வெப்பவியக்கவியல் படித்த மாணவர் தன் பக்கத்தில் எதை எழுதுவார்? மாணவருடைய ரெஸ்யூமே வெறுமையாக இருக்கிறது என்று குறைப்படுவதற்குமுன், அவர் படித்த கல்லூரி அரசிடம் காட்டிய ரெஸ்யூமேயை நாம் படித்திருக்க வேண்டும்.

அரசு இந்தக் குறையை அறியாமல் இல்லை. 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய நான் முதல்வன் திட்டம், தொழில்துறைப் பாடங்களைப் பருவத்தேர்வோடு இணைத்தது. நல்ல நோக்கமும் பரந்த வீச்சும் உள்ள திட்டம். ஆனால் சான்றிதழ்கள் எல்லோருக்கும் கிடைக்கும்போது அவையும் ஒற்றுமையின் இன்னொரு வரியாகிவிடுகின்றன. படித்தேன் என்பதற்கான அத்தாட்சி கூடுகிறது, செய்தேன் என்பதற்கான அத்தாட்சி அதே இடத்தில் நிற்கிறது.

ஆறு நொடிகளும் எந்திர வடிகட்டியும்

பயிற்சி வகுப்புகளில் இரண்டு செய்திகள் வேதவாக்குபோலச் சொல்லப்படுகின்றன. ஒன்று, வேலைக்கு எடுப்பவர் உங்கள் ரெஸ்யூமேயை ஆறு நொடிதான் பார்ப்பார் என்பது. இதற்கு மூல ஆதாரம், தி லேடர்ஸ் என்ற அமெரிக்க வேலைவாய்ப்புத் தளம் 2012இல் 30 ஆளெடுப்பு அலுவலர்களின் கண்ணசைவைப் பதிந்து செய்த ஆய்வு. அதே தளம் 2018இல் அந்த அளவை 7.4 நொடி என்று திருத்தியது. அமெரிக்காவில் முப்பது பேரிடம் எடுத்த அளவை ஈரோட்டில் வளாகத் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவருக்குச் சட்டமாக்குவதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

மற்றொன்று, ஏ.டி.எஸ். எனப்படும் விண்ணப்ப வடிகட்டி மென்பொருள் பற்றிய பயம். மென்பொருள் படிக்கத் தடுமாறும் இரட்டைப் பத்தியையும் படங்களையும் தவிர்ப்பது, விளம்பரத்தில் கேட்ட தொழில்நுட்பச் சொல்லையே பயன்படுத்துவது என்ற அளவுக்கு அந்த எச்சரிக்கை நியாயமானது. அதற்குமேல் சொல்லப்படுவதில் பெரும்பகுதி வார்ப்புரு விற்பவர்களின் பேச்சு. எந்திரத்தைப் பற்றி உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் வேறு. அமேசான் நிறுவனம் உருவாக்கிப் பார்த்த தானியங்கித் தேர்வு மென்பொருள், பெண்கள் தொடர்பான சொல் வரும் ரெஸ்யூமேக்களைக் கீழிறக்கியதால் கைவிடப்பட்டது என்று 2018 அக்டோபரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. பழைய தேர்வுகளிலிருந்து கற்கும் எந்திரம் பழைய பாரபட்சத்தையும் சேர்த்தே கற்கும்.

வளாகத் தேர்வு கேட்பது எதை?

ஒற்றுமைக்கு இன்னொரு விளக்கம் உண்டு. நம் ஊரில் அதிகம் பேசப்படாதது. பெரிய ஐ.டி. நிறுவனங்களின் வளாகத் தேர்வுக்கு வேறுபாடு தேவைப்படுவதே இல்லை.

டி.சி.எஸ்., விப்ரோ, காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் கல்லூரி முடித்தவர்களைப் பெருங்கூட்டமாக எடுத்துத் தாமே பயிற்சி கொடுத்துக்கொள்பவை. வடிகட்டியின் முதல் அடுக்கு மதிப்பெண். பெரும்பாலும் பத்து, பன்னிரண்டு, பட்டம் மூன்றிலும் 60 விழுக்காடு, நிலுவை அரியருக்கும் வரம்பு உண்டு. இரண்டாவது அடுக்கு இணையவழித் தேர்வு. டி.சி.எஸ்.ஸின் தேசியத் தகுதித் தேர்வு 2018இலிருந்து இந்த வேலையைச் செய்கிறது. இரண்டையும் தாண்டியவரின் ரெஸ்யூமேதான் ஒருவர் கைக்குப் போகிறது, அதுவும் நேர்காணல் நாளன்று. துறை எதுவானாலும் ஆண்டுக்கு மூன்று முதல் நான்கு லட்ச ரூபாய் சம்பளத்தில், எந்தப் பணிக்குழுவுக்கும் அனுப்பத் தக்க ஆயிரக்கணக்கானோரைத் தேடும் முறை இது. இந்த முறைக்கு ஒரே அச்சில் வந்த பக்கம் வசதியானது. பிளேஸ்மென்ட் அலுவலகம் வகுத்த மாதிரிப் படிவம் இந்தச் சந்தையைப் படித்து வகுக்கப்பட்டதுதான்.

அந்தச் சந்தைக்கு வெளியே போகும்போதுதான் அதே பக்கம் மாணவரைக் கைவிடுகிறது. கோவையின் பம்பு நிறுவனம், ஓசூரின் உதிரிபாகத் தொழிற்சாலை, திருச்சியின் பாய்லர் துணைத்தொழில் கூடம், சென்னையில் இருபது பேர் வேலைசெய்யும் மென்பொருள் நிறுவனம் ஆகியவை ஓர் ஆளை, ஒரு வேலைக்காகத் தேடுகின்றன. உரிமையாளரோ தொழிற்கூட மேலாளரோ நேரடியாகப் படிக்கிறார். அவர் தேடுவது, இவன் எதைத் தொட்டிருக்கிறான் என்பதை. சவாலான சூழல் பற்றிய வாக்கியத்தில் அதற்கு விடையில்லை.

நேர்காணலிலும் இதே சிக்கல் வேறு உருவில் வருகிறது. தேர்வு முறைகளின் கணிப்புத் திறன் பற்றிய பல்லாண்டு ஆய்வுகளைத் தொகுத்து பால் சாக்கெட் குழுவினர் 2022இல் வெளியிட்ட மறுமதிப்பீட்டில், எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் நேர்காணலுக்கு வேலைத்திறனோடு 0.42 என்ற ஒட்டுறவும், போகிறபோக்கில் கேட்கும் நேர்காணலுக்கு 0.19 என்ற ஒட்டுறவும் கிடைத்தன. 'உன்னைப் பற்றிச் சொல்லு' என்று தொடங்கி, 'அப்பா என்ன பண்றார்?' என்று நகரும் நம்முடைய பழக்கப்பட்ட நேர்காணல் இரண்டாம் வகை. வேலைத்திறனைக் கணிப்பதில் பலவீனமான இந்த முறை, பேச்சுவழக்கையும் குடும்பப் பின்னணியையும் மட்டும் தெளிவாகக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

பெயர், ஊர், தந்தையின் தொழில்

ரெஸ்யூமேயில் உள்ள பெயர் ஒருவரின் வாய்ப்பைக் கெடுக்குமா என்பதற்கு இந்தியாவில் நேரடி ஆய்வுகள் உண்டு. சுக்தேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் தனியார் துறையின் 548 வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்களை அனுப்பிப் பார்த்தார்கள். கல்வித் தகுதி ஒன்றாக இருந்தும், உயர்சாதி இந்துப் பெயருக்குக் கிடைத்த அழைப்பு வாய்ப்பை 1 என்று கொண்டால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33 என்ற விகிதமே இருந்தது. இது 2007இல் வெளியானது. இதற்கு மாறான சான்றும் இருக்கிறது. அபிஜித் பானர்ஜியும் சகாக்களும் டெல்லியில் செய்து 2009இல் வெளியிட்ட இதே மாதிரியான சோதனையில், மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. கால்சென்டர் வேலைகளில் தெரிந்தது. பேச்சும் பாவனையும் முக்கியமாகக் கருதப்படும் வேலையில் பாரபட்சம் கூடுகிறது என்று இரண்டையும் சேர்த்துப் படிப்பதே பொருத்தம் என்பது என் கருத்து.

இந்த ஆய்வுகளை அப்படியே தமிழ்நாட்டுக்குப் பெயர்த்துவிட முடியாது. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தது. அதன் பயனை இன்றைய மாணவரின் பெயரில் காணலாம்: தந்தை பெயரின் முதலெழுத்து, பிறகு தன் பெயர். அந்தப் பெயரை மட்டும் வைத்து ஒருவர் யார் என்று கண்டுபிடிப்பது கடினம். வடநாட்டு மாணவருக்கு இல்லாத ஒரு பாதுகாப்பு இது.

அந்தப் பாதுகாப்பை அதே பக்கத்தின் கீழ்ப்பாதி கலைத்துவிடுகிறது. மதம் என்ற வரி, தந்தையின் தொழில், நிரந்தர முகவரியில் உள்ள காலனியின் பெயர், பத்தாம் வகுப்பு படித்த ஆதிதிராவிடர் நலப்பள்ளியின் பெயர். எஞ்சியதை நேர்காணல் நிரப்புகிறது. டெல்லியில் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்த சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும், குடும்பப் பின்னணியைத் தகுதியின் அளவுகோலாகவே அவர்கள் நம்புவதை 2007இல் பதிவு செய்தார்கள். சென்னையில் ஆய்வு செய்த கிறிஸ் ஃபுல்லரும் ஹரிப்ரியா நரசிம்மனும் 2006இல் எழுதிய கட்டுரை இன்னும் நமக்கு நெருக்கமானது. கிராமத்து மாணவர்கள் ஐ.டி. வேலைக்குள் நுழைய முடியாததற்குக் கல்லூரி வட்டாரங்களில் சொல்லப்பட்ட காரணம் 'எக்ஸ்போஷர் பத்தாது' என்பதுதான். நகரத்து நடுத்தர வகுப்பு வீட்டில் வளர்வதால் தானாக வந்து சேரும் பழக்கங்கள், இந்தச் சொல்லுக்குள் புகுந்து தகுதி என்ற பெயரைப் பெற்றுவிடுகின்றன. பெங்களூரு ஐ.டி. துறையை ஆராய்ந்த கரோல் உபாத்யாவும் இதே முடிவுக்குத்தான் வந்தார்.

ஆகவே, தந்தை பெயர், தந்தையின் தொழில், மதம், திருமண நிலை, புகைப்படம் ஐந்தையும் ரெஸ்யூமேயிலிருந்து எடுத்துவிட வேண்டும். இது அழகுக்கான யோசனை இல்லை, உரிமை சார்ந்தது. வேலைக்கு எடுத்தபின் ஆவணச் சரிபார்ப்பில் கேட்க வேண்டியதை முதல் பக்கத்திலேயே அச்சடித்துக் கொடுக்கும் மாதிரிப் படிவத்தைக் கல்லூரிகள் இன்றைக்கே நிறுத்தலாம். அதற்கு யாருடைய நிதியும் வேண்டாம்.

காட்டப்படும் புராஜெக்ட், மறைக்கப்படும் வேலை

பக்கத்தின் நடுவில் இருக்கும் அந்த இரண்டு வரிக்கு வருவோம். இறுதியாண்டு புராஜெக்ட் என்பது பொறியியல் படிப்பின் மணிமுடி என்று பாடத்திட்டம் கருதுகிறது. நடைமுறையில் அதற்கென்றே ஒரு சந்தை இருக்கிறது. சென்னை, கோவை, திருச்சி எங்கும் பேருந்து நிலையத்தை ஒட்டிய மாடிகளில் புராஜெக்ட் சென்டர்கள் உண்டு. தலைப்புப் பட்டியலைக் கொடுப்பார்கள். தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினால் பலகை, நிரல், அறிக்கை, வைவாவுக்கான கேள்வி பதில் எல்லாம் சேர்ந்து வரும். ஆர்டுயினோ வைத்த குப்பைத்தொட்டி, பார்வையற்றோருக்கான கைத்தடி, முகம் பார்த்து வருகை பதியும் கருவி என்று அதே தலைப்புகள் ஊர் ஊராகச் சுற்றுகின்றன.

குப்பைத்தொட்டியையே எடுத்துக்கொள்வோம். மூடிக்கு அடியில் எச்.சி.-எஸ்.ஆர்.04 என்ற மீயொலி உணரி. 2 செ.மீ. முதல் 4 மீட்டர் வரை தூரம் அளக்கும் மலிவான கருவி. தொட்டி நிறைந்ததும் நகராட்சிக்குச் செய்தி போகும். தொட்டிக்குள் பழந்துணி கிடந்தால் உணரி என்ன காட்டியது என்று நேர்காணலில் கேட்டால், விலைக்கு வாங்கியவரிடம் பதில் இருக்காது. தானே கட்டியவருக்கு அது முதல் நாளே தலைவலியாக இருந்திருக்கும். துணி ஒலியை உறிஞ்சும், சரிந்து கிடக்கும் பை ஒலியை வேறு பக்கம் சிதறடிக்கும், அளவு தாறுமாறாகக் குதிக்கும். பத்து அளவு எடுத்து நடுவிலுள்ளதை வைத்துக்கொண்டேன் என்று ஒருவர் சொன்னால், அந்த வாக்கியம் ஒன்றே அவர் ரெஸ்யூமேக்குப் போதும். தோற்ற இடத்தைச் சொல்ல முடிவதுதான் செய்ததற்கான அத்தாட்சி. ஆனால் மாதிரிப் படிவத்தில் தோல்விக்குக் கட்டம் இல்லை.

இதற்கு நேரெதிராக, மாணவர் தன் கையால் செய்த வேலை பக்கத்தில் இடம்பெறுவதே இல்லை. கோவைப் பகுதி மெக்கானிக்கல் மாணவர் ஒருவர் திருத்தித்தரச் சொல்லிக் கொடுத்த பக்கத்தில் மேலே சொன்ன எல்லாமே அச்சுப்பிசகாமல் இருந்தன. பேச்சுவாக்கில் தெரியவந்தது: கல்லூரி சேர்ந்ததிலிருந்து ஒவ்வொரு விடுமுறையிலும் கணபதியில் மாமாவின் லேத் பட்டறையில் பம்பு ஷாஃப்ட் கடைகிறார். பேரிங் உட்காரும் இடத்தில் இருபது மைக்ரான் கூடினாலும் கம்பெனிக்காரர் திருப்பி அனுப்பிவிடுவார் என்றார். காலையில் எந்திரம் சூடேறுமுன் எடுத்த அளவை நம்பக் கூடாது என்றார். திரும்பி வந்த ஷாஃப்டுகளைத் தனியாக அடுக்கி, எந்த ஷிஃப்டில் ஓடியவை என்று சாக்பீஸால் குறித்துப் பார்த்ததாகவும், உளி மாற்றும் நேரத்தைத் தள்ளிப்போட்டதுதான் காரணம் என்று கண்டுபிடித்ததாகவும் சொன்னார். தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளர் செய்யும் வேலை இது.

"ஏம்ப்பா, இத எழுதவே இல்லையே?"

"அது பட்டறை வேலைங்க சார். புராஜெக்ட் இல்லைங்களே."

காசு கொடுத்து வாங்கியது படிப்பாகவும் உடம்பால் கற்றது வெட்கமாகவும் ஆகிப்போன கல்வியை இந்தப் பதிலைவிடத் துல்லியமாக எந்த அறிக்கையும் படம்பிடித்ததாக எனக்குத் தெரியவில்லை. கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் பிடித்தவர், திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டியோடு போய் ஹைட்ராலிக் குழாய் மாற்றியவர், விசைத்தறிக் கூடத்தில் மோட்டார் கருகியதும் காயில் கட்ட உதவியவர், அப்பாவின் மளிகைக் கடைக் கணக்கை எக்செலுக்கு மாற்றிக்கொடுத்தவர் என்று தமிழகத்தின் தொழில் நகரங்கள் முழுக்க இப்படிப்பட்ட மாணவர்கள் இருக்கிறார்கள். இவர்கள் பக்கங்களிலெல்லாம் அதே மூன்று பலங்கள்தான்.

இங்கே ஒரு மறுப்பு எழும். தந்தையின் தொழிலை எடுத்துவிடச் சொன்னவர், பட்டறை வேலையை எழுதச் சொல்வது முரண் இல்லையா, அதுவும் பின்னணியைக் காட்டிக்கொடுக்காதா? காட்டிக்கொடுக்கலாம். உடலுழைப்பைத் தாழ்வாகப் பார்க்கும் தேர்வாளர் இருப்பார், ஐ.டி. நிறுவனம் இதைப் பொருட்படுத்தாமலும் போகலாம். ஆனால் தந்தையின் தொழில் தந்தையுடையது. அதைக் கொண்டு மகனை எடைபோட எவருக்கும் உரிமையில்லை. ஷாஃப்ட் கடைந்தது மாணவரின் சொந்த அறிவு. அதை எழுதும் விதத்தில் அந்த அறிவு முன்னால் நிற்க வேண்டும்: மூன்று கோடை விடுமுறைகளில் பம்பு ஷாஃப்ட் கடைசல், மைக்ரோமீட்டரால் அளவு சரிபார்ப்பு, திருப்பி அனுப்பப்பட்ட உருப்படிகளை ஷிஃப்ட்வாரியாகப் பிரித்து உளித் தேய்மானமே காரணம் என்று கண்டறிந்தது. எளிய ஆங்கிலத்தில் இது மூன்று வரி. இதை எழுத இலக்கண வகுப்பு தேவைப்படவில்லை, எழுதலாம் என்று ஒருவர் சொன்னது தேவைப்பட்டது.

மாணவியரின் நிலை இதிலும் கடினமானது. பட்டறை வாசல் அவர்களுக்குத் திறப்பதில்லை. ஆய்வகம் காலியாக இருக்கும் மாலை நேரத்தில் விடுதிக் கதவு சாத்தப்படுகிறது. வெளியூர் இன்டர்ன்ஷிப்புக்கு வீட்டில் அனுமதி கிடைப்பதில்லை. பையன்கள் இரவு பத்து மணிவரை ஆய்வகத்தில் இருக்கலாம், பெண்கள் ஆறு மணிக்குள் விடுதி திரும்ப வேண்டும் என்று விதி வைத்திருக்கும் கல்லூரி, இருவர் ரெஸ்யூமேயையும் ஒரே தராசில் வைப்பது அநீதி. பாதுகாப்பு என்பது கதவைச் சாத்துவது மட்டுமா? ஆய்வகத்திலிருந்து விடுதிவரை விளக்கும் ஆளும் போட்டுக் கொடுப்பதும் பாதுகாப்புதான்.

எங்கிருந்து தொடங்குவது

இன்றைய வேலைத் தயாரிப்பு ஆறாம், ஏழாம் பருவத்தில் தொடங்குகிறது. அப்போது மாற்றக்கூடியது சொற்களை மட்டும்தான். செய்த வேலையை மாற்ற வேண்டுமானால் மூன்றாம் பருவத்துக்குப் போக வேண்டும். அந்த வயதில் மாணவருக்கு ரெஸ்யூமே தேவையில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். எதைக் கட்டினேன், எது உடைந்தது, எப்படிச் சரிசெய்தேன் என்று தேதியோடு எழுதிவைக்கும் நோட்டு. ஆய்வகப் பதிவேட்டைப் பார்த்து எழுதும் வழக்கத்துக்குப் பதில் இது வந்தால், நான்காண்டு முடிவில் அதிலிருந்து ஒரு பக்கத்தைப் பிரித்தெடுப்பது ஒரு நாள் வேலை. கணினித் துறை மாணவர் கிட்ஹப்பில் தன் நிரலை வாராவாரம் ஏற்றிவைப்பதும் இதே காரியம்தான்.

வளாகத் தேர்வில் இடம் கிடைக்காத மெக்கானிக்கல், சிவில், மின்னியல் மாணவர்களுக்குப் பலருக்கும் தெரியாத ஒரு வழி தரமணியில் இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டப்படி இயங்கும் தென்மண்டலத் தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம், பட்டதாரிகளுக்கு ஓராண்டுப் பயிற்சி இடம் தருகிறது. நெய்வேலி நிலக்கரி நிறுவனமும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களும் இதன் வழியே ஆள் எடுக்கின்றன. 2019இல் திருத்திய விதிப்படி பட்டதாரிக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 9,000 ரூபாயாக வைக்கப்பட்டது. பணம் குறைவு, நிரந்தர வேலைக்கு உறுதியும் இல்லை. ஆனால் உண்மையான எந்திரத்தோடு ஓர் ஆண்டு கிடைக்கிறது. இந்த அறிவிப்புகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டாத பிளேஸ்மென்ட் அலுவலகங்கள் இருப்பதற்குக் காரணம், ஆண்டறிக்கையில் காட்டும் வேலைவாய்ப்பு எண்ணிக்கையில் பயிற்சி இடங்கள் மதிப்பாகத் தெரியாததுதான் என்று நினைக்கிறேன்.

துறை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் பருவத்தில் புராஜெக்ட் மதிப்பெண் போடும்போது, குழுவின் ஒவ்வொரு மாணவரையும் தனியாக உட்காரவைத்து, இதில் எது வேலை செய்யவில்லை என்று கேளுங்கள். கேட்டபின், விடுமுறையில் என்ன வேலைக்குப் போகிறாய் என்றும் கேளுங்கள். அவர் தயங்கித் தயங்கிச் சொல்வதை அவர் முன்னாலேயே காகிதத்தில் எழுதி, இதைச் சேர் என்று சொல்லிக் கொடுத்தனுப்புங்கள்.